பகைவர் எழுதும் உரைநடை

இந்தியா-பாகிஸ்தான் பேச்சுவார்த்தை பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டில் ஒரு பதில் வருகிறது. இதெல்லாம் பத்திரிகைக்காரன் சமாசாரம், இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்பது ஒன்று. எத்தனை முறை பேசினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற சலிப்பு மற்றது. இரண்டுமே ஒப்பந்தங்களைப் படிக்காதவர்களின் பதில்கள் என்பது என் எண்ணம். ஒப்பந்தம் முதலில் ஒரு எழுத்து. சிலர் இரவெல்லாம் உட்கார்ந்து, ஒரு சொல்லை அடித்து வேறொன்றைப் போட்டு, அதையும் அடித்து, உருவாக்கியது. கவிதையில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், ஒரு சொல் சரியாக அமையாததால் ஆட்கள் செத்துப்போகிற எழுத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் ராஜதந்திரம் அறிந்தவன் அல்ல. வங்கியில் குமாஸ்தா; மாலையில் விமர்சனம் எழுதுகிறவன். ஆனால் 1949 முதல் இவ்விரு அரசுகளும் கையெழுத்திட்ட காகிதங்களில் முக்கியமானவற்றை வரிசையாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நட்பை வாக்களித்த எழுத்துக்கள் சீக்கிரம் செத்திருக்கின்றன. பகையை ஒப்புக்கொண்டு, பகைவர் இருவர் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் சொன்ன எழுத்துக்கள் நீடித்திருக்கின்றன. மீண்டும் பேச வழி உண்டா என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தாஷ்கண்டை எடுத்துக்கொள்வோம். 1965 போருக்குப் பிறகு, சோவியத் பிரதமர் கோஸிஜின் நடுவில் நிற்க, சாஸ்திரியும் அயூப் கானும் 1966 ஜனவரி 10 அன்று கையெழுத்திட்டார்கள். இரு படைகளும் 1965 ஆகஸ்ட் 5-க்கு முன் நின்ற இடங்களுக்கு, வருகிற பிப்ரவரி 25-க்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து. அதில் தேதி இருந்தது, இடம் இருந்தது, அது நிறைவேறியது. மற்ற ஷரத்துக்கள் நல்ல அண்டை நாடுகளாக இருப்பது, எதிர்ப் பிரசாரத்தைத் தவிர்ப்பது, நட்புறவை வளர்ப்பது என்று போகின்றன. போருக்கே காரணமான காஷ்மீர் பற்றி அதில் இருப்பது இவ்வளவுதான்: அது விவாதிக்கப்பட்டது, ஒவ்வொரு தரப்பும் தன் நிலையை எடுத்துச் சொன்னது. அன்றிரவு விடிவதற்குள் சாஸ்திரி இறந்துபோனார். இந்தியாவில் அந்த மரணம் காகிதத்தைச் சுற்றி ஒரு துக்கத்தைக் கவியவைத்தது. பாகிஸ்தானில் அதே காகிதம் தோல்வியாக வாசிக்கப்பட்டு லாகூரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். வெளியுறவு அமைச்சராக இருந்த பூட்டோ சில மாதங்களில் பதவியிலிருந்து வெளியேறி, அந்த எதிர்ப்பின் மீதே தன் அரசியலைக் கட்டினார். ஆறு ஆண்டுகள் முடிவதற்குள் அடுத்த போர்.

1972 ஜூலை 2 தேதியிட்ட சிம்லா ஒப்பந்தம் இன்னும் சிக்கலான பிரதி. இம்முறை அதே பூட்டோ இந்திரா காந்தியின் எதிரே உட்கார்ந்திருந்தார். கிழக்கு வங்கம் பங்களாதேஷாகிவிட்டிருந்தது. சுமார் 93,000 பேர் இந்தியாவின் பிடியில். மோதல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்து நட்பும் இணக்கமும் வளர்ப்பது என்று தொடங்குகிறது ஒப்பந்தம். பிறகு ஐ.நா. சாசனத்தின் கோட்பாடுகள் இரு நாட்டு உறவையும் ஆளும் என்று ஒரு வரி. அதைத் தொடர்ந்து, தகராறுகளை இருதரப்புப் பேச்சின் மூலமோ, இருவரும் ஒப்புக்கொள்ளும் வேறு அமைதி வழியிலோ தீர்த்துக்கொள்வது என்று இன்னொரு வரி. இந்தியா இரண்டாவது வரியைப் படித்து, மூன்றாவது ஆளுக்கு இதில் இடமில்லை என்கிறது. பாகிஸ்தான் முதல் வரியைப் படித்து, ஐ.நா. தீர்மானங்கள் உயிரோடிருக்கின்றன என்கிறது. இரண்டு வாசகர்கள் ஒரே பத்தியின் முன் உட்கார்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆளுக்கு ஒரு வரியைப் படித்துவந்திருக்கிறார்கள்.

கட்டுப்பாட்டுக் கோடு பற்றிய ஷரத்தும் அப்படியே. 1971 டிசம்பர் 17 போர்நிறுத்தத்தால் ஏற்பட்ட கோட்டை இருவரும் மதிக்க வேண்டும். ஆனால் இரு தரப்பின் அங்கீகரிக்கப்பட்ட நிலைக்கும் அதனால் பங்கம் வராது. வாக்கியத்தின் முதல் பாதி கோட்டைப் போடுகிறது, மறு பாதி அதன் மீது ரப்பரை வைக்கிறது.

எம்ப்ஸன் 1930-ல் பொருள் மயக்கத்தை ஏழு வகையாகப் பிரித்தார். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு, சிம்லாவின் பத்திகளை அந்த ஏழில் ஒன்றில் போட்டுவிடும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் கவிதையின் மயக்கம் வேறு, ஒப்பந்தத்தின் மயக்கம் வேறு. கவிதையில் இரண்டு அர்த்தங்களும் ஒரே வாசகனின் மனதில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனித்தனியே ஒரு படை உண்டு.

அன்றைய மயக்கம் இல்லாவிட்டால் அன்று கையெழுத்தே விழுந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பற்றிய நிலம் திரும்பக் கொடுக்கப்பட்டது. 1973-ன் இன்னொரு உடன்பாட்டுக்குப் பிறகு கைதிகள் வீடு திரும்பினார்கள். மயக்கம் ஒரு கைமாற்றுக் கடன். அவசரத்துக்கு உதவுகிறது. அடைக்க வேண்டிய நாளில், வாங்கியது எவ்வளவு என்பதிலேயே சண்டை வருகிறது.

இந்தக் கடனுக்கு வட்டி எப்படி ஏறும் என்பதற்கு சியாச்சினைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1949 ஜூலை 27 கராச்சி உடன்பாடு போர்நிறுத்தக் கோட்டை ஊர் ஊராக, ஓடை ஓடையாக விவரித்துக்கொண்டு வந்து, கடைசியில் அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. 1972 டிசம்பரில் ராணுவ அதிகாரிகள் புதிய கோட்டை வரைபடத்தில் வரைந்தபோதும், என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு பேனாவை மூடிவிட்டார்கள். அதற்கு மேல் மனிதன் போய் எதற்காகச் சண்டை போடப்போகிறான் என்ற நியாயமான எண்ணம்தான். ஆனால் வடக்கு என்றால் எந்த வடக்கு? சால்டோரோ மலைமுகட்டை ஒட்டிப் போகும் வடக்கு என்றது இந்தியா. கரகோரம் கணவாயை நோக்கிச் சாயும் வடகிழக்கு என்றது பாகிஸ்தான். 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை முகட்டின் கணவாய்களில் ஏறி உட்கார்ந்தது. குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்தவர்களே அங்கு அதிகம். 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் பாகிஸ்தான் முகாம் மீது பனி சரிந்து 140 பேர் புதைந்தார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். 1949-ல் கராச்சியில் ஒரு வாக்கியம் முடிக்கப்படாமல் விடப்பட்டதற்கு, அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து நம் கிராமங்களுக்குச் சவப்பெட்டி வந்தது.

படைகளை விலக்கிக்கொள்ளலாம் என்று 1989 ஜூனில் ஏறக்குறைய முடிவாகி, ஒரே நாளில் அதன் அர்த்தம் பற்றி இரு தலைநகரங்களும் முரண்பட்டன. பிற்பாடு பேச்சு எங்கே முட்டி நின்றது என்பது கவனிக்கத்தக்கது. விலகுவதற்கு முன், இன்று யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்றது இந்தியா. பாகிஸ்தான் மறுத்தது. நிற்பதில் இருவருக்கும் தயக்கமில்லை. நிற்கும் இடத்தை எழுதுவதுதான் முடியவில்லை.

லாகூர் இன்னொரு வகையில் பாடம். 1999 பிப்ரவரி 21 அன்று வாஜ்பாயியும் நவாஸ் ஷெரீஃபும் வெளியிட்ட பிரகடனம் அழகான வாசகங்கள் நிறைந்தது. மே மாதம் கார்கில். ஆனால் அதே நாளில் வெளியுறவுச் செயலாளர்கள் கையெழுத்திட்ட ஒரு வறண்ட குறிப்பில், ஏவுகணைச் சோதனைக்கு முன் மற்றவருக்குத் தெரிவிப்பது என்று ஒரு விஷயம் இருந்தது. அது சாகவில்லை, 2005-ல் தனி ஒப்பந்தமாகவே வளர்ந்தது. 2001 ஜூலையில் ஆக்ராவில் முஷாரஃபும் வாஜ்பாயியும் இரண்டு நாள் கூடியபோது, காஷ்மீருக்கு எவ்வளவு முதன்மை, எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு எந்தச் சொல் என்பதில் நகல்கள் மாறி மாறி, கடைசியில் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்தார்கள். பெரிய சொற்களைத் தேடிப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதல்ல.

இவற்றுக்கெல்லாம் எதிர்முனையில் இருப்பது 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தம். அதை ஒத்துழைப்பின் வெற்றி என்று புகழ்வது வழக்கம். படித்துப் பார்த்தால் அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். நதிப்படுகையை இரு நாடுகளும் சேர்ந்து ஒரே அலகாக நிர்வகிக்கலாம் என்று 1951-ல் டேவிட் லிலியென்தால் எழுதியதுதான் பேச்சுக்கு வித்து. உலக வங்கி நடுவில் வந்து 1952-ல் பேச்சு தொடங்கியது. எட்டு ஆண்டு இழுபறியில் முதலில் பலியானது அந்தச் சேர்ந்து வாழும் கனவுதான். ராவி, பியாஸ், சட்லெஜ் உனக்கு. சிந்து, ஜீலம், செனாப் எனக்கு. உனக்குரியதில் நானும் எனக்குரியதில் நீயும் எந்த அளவுக்குக் கை வைக்கலாம் என்பதற்கு, அணையின் மதகு உயரம் உள்பட, எட்டு இணைப்புகள். 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் வாய்க்காலை அடைத்ததை யாரும் மறக்கவில்லை. மன்னித்ததாக நடிக்கவும் இல்லை.

நம் கிராமங்களில் பாகம் பிரிந்த பங்காளிகளுக்குள் பேச்சு இருக்காது. கல்யாணம், கருமாதிக்குப் போக்குவரத்து இருக்காது. பொதுக் கிணற்றில் முறை மட்டும் தவறாது. இவன் நாள் முடிந்ததும் அவன் வந்து மடை திருப்புவான். சிந்து ஒப்பந்தம் இந்த அறிவைக் காகிதத்தில் எழுதியது. மாற்று வாய்க்கால்கள் வெட்டும் செலவுக்காக இந்தியா 6,20,60,000 பவுண்டைப் பத்துச் சமத் தவணைகளில் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. தவணை என்பது நான் தினமும் புழங்கும் சொல். கடன்காரனும் கொடுத்தவனும் முகம் பார்த்துக்கொள்ளாமலே ஆண்டுக்கணக்கில் உறவோடிருக்க உதவும் சொல் அது. இந்தப் பத்துத் தவணைகளுக்கு நடுவில் 1965 போர் வந்தது, தவணை நிற்கவில்லை.

இந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாம் ஷரத்து ஒரு விமர்சகன் பொறாமைப்பட வேண்டிய எழுத்து. சச்சரவு எழுந்தால் அது முதலில் வெறும் கேள்வி. இரு நாட்டு நதி ஆணையர்களும் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் கருத்து வேறுபாடு. நடுநிலை நிபுணரிடம் போகலாம். அதற்கும் மேலானது தகராறு, நடுவர் மன்றத்துக்குரியது. கோபம் எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாசல். பக்லிஹார் அணை விவகாரத்தில் 2007-ல் நிபுணரும், கிஷன்கங்கா விவகாரத்தில் 2013-ல் நடுவர் மன்றமும் தீர்ப்புச் சொல்ல, இரு அரசுகளும் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டன. சரிவு தொடங்கியதும் இந்தச் சொற்களில்தான். 2016-ல், கிஷன்கங்கா, ராட்லே அணைகள் பற்றி இந்தியா நிபுணரைக் கேட்டது, பாகிஸ்தான் நடுவர் மன்றத்தைக் கேட்டது. 2022-ல் உலக வங்கி இரண்டையும் அமைத்துவிட்டது. ஒரே விஷயம் ஒரே சமயத்தில் கருத்து வேறுபாடாகவும் தகராறாகவும் ஆயிற்று. மயக்கமே இல்லாத பிரதிக்குள் மயக்கம் நுழைந்த தருணம் அது என்பேன்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இந்தியா, ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ரத்து என்று சொல்லவில்லை, விலகல் என்று சொல்லவில்லை. நிறுத்திவைப்பு என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை. இரு அரசுகளும் வேறொரு ஒப்பந்தம் செய்து இதை முடிக்கும்வரை இது தொடரும் என்கிறது பன்னிரண்டாம் ஷரத்து. அடுத்த நாள் பாகிஸ்தான், சிம்லா உள்பட எல்லா இருதரப்பு ஒப்பந்தங்களையும் நிறுத்திவைக்கும் உரிமை தனக்குண்டு என்று பதிலளித்தது. மே 7 முதல் நான்கு நாள் சண்டை. மே 10 மாலை 3.35-க்கு இரு ராணுவ இயக்க அதிகாரிகளும் தொலைபேசியில் பேசி, 5 மணியிலிருந்து சுடுவதில்லை என்று முடிவுசெய்தார்கள். அந்த முடிவை உலகுக்கு முதலில் அறிவித்தவர் அமெரிக்க அதிபர். பாகிஸ்தான் அவருக்கு நன்றி சொன்னது. இது நாங்கள் இருவர் மட்டும் பேசியது என்றது இந்தியா. சிம்லாவின் பழைய இரண்டு வரிகள் மறுபடி எழுந்து வந்துவிட்டன.

இருபத்தாறு பிணங்களுக்குப் பிறகு நீ சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறாயா என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து ஓட முடியாது என்ற கோபம் பொய்க் கோபம் அல்ல. என் பதில் இதுதான். சிந்து ஒப்பந்தம் நன்னடத்தைக்குக் கொடுத்த பரிசு அல்ல. எதிரே இருப்பவன் பகைவன், நாளையும் பகைவனாகவே இருப்பான் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. அவன் பகைவன் என்பது மறுபடியும் நிரூபணமானதால் அதை நிறுத்திவைப்பது, மழை வந்துவிட்டது என்பதற்காகக் குடையை மடக்குவது போல. தண்டனை தேவையென்றால் அதற்கு வேறு கருவிகள் தேட வேண்டும். பகைக்கென்றே எழுதப்பட்ட உரைநடை இரு நாடுகளிடமும் அதிகம் இல்லை.

இந்த உரைநடையின் குறையையும் மறைக்கக் கூடாது. தாஷ்கண்டிலும் சிம்லாவிலும் கராச்சியிலும் காஷ்மீரிகள் எழுவாயாக வருவதே இல்லை. அவர்கள் பேசப்படும் பொருள். தங்கள் ஊர் வழியே ஓடும் செனாபிலும் ஜீலத்திலும் எவ்வளவு தேக்கலாம் என்பது தங்களைக் கேட்காமல் முடிவானது என்ற குறை அவர்களுக்கு நெடுநாளாக உண்டு. பங்காளிகள் இருவரும் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். வயலில் குடியிருப்பவன் பெயர் சாட்சி வரிசையில்கூட இல்லை. அடுத்து எழுதப்படும் எந்தக் காகிதமும் இதைத் தாண்டியாக வேண்டும்.

அடுத்த காகிதம் எழுதப்படுமா? உச்சி மாநாட்டையும் கைகுலுக்கலையும் எதிர்பார்த்துக் காத்திருப்பவனுக்கு நான் நம்பிக்கை தர முடியாது. ஆனால் பேச்சு என்பதைக் கொஞ்சம் சிறிய எழுத்தில் படிக்கத் தெரிந்தவனுக்கு, அது முற்றாக நின்றுபோகவில்லை என்று காட்ட முடியும். ராஜீவ் காந்தி, பேநசீர் பூட்டோ காலத்தில், 1988 டிசம்பர் 31 அன்று, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ஒரு சிறிய ஒப்பந்தம் ஆயிற்று. அதில் நட்பு பற்றிய பேச்சு ஏதுமில்லாமல் ஒரு வேலை இருக்கிறது: ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இருவரும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைக் கொடுத்துக்கொள்ள வேண்டும். 1992-ல் தொடங்கியது. கார்கில் ஆண்டிலும் நடந்தது. 2002-ல் இரு படைகளும் எல்லையில் முட்டி நின்றபோதும் நடந்தது. 2025 ஜனவரி 1 அன்று முப்பத்து நான்காவது முறை. என்னை எங்கே அடித்தால் அதிகம் நோகும் என்று பகைவனிடமே எழுதிக் கொடுக்கும் காரியம் இது.

2008-ன் ஓர் ஒப்பந்தப்படி, ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் கைதிகளின் பட்டியலையும் மாற்றிக்கொள்கிறார்கள். மே மாதச் சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1 அன்றும் பட்டியல்கள் கைமாறின. இந்தியா 382 சிவில் கைதிகளின் பெயரும் 81 மீனவர்களின் பெயரும் கொடுத்தது. பாகிஸ்தான் 53 கைதிகளும் 193 மீனவர்களும் என்றது. தலைவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் உச்சரிக்கத் தயங்கிய நாட்களில், மீனவர்களின் பெயர்கள் எழுத்துக்கூட்டி எழுதப்பட்டு எல்லையைக் கடந்தன. அந்த அறிவிப்புகளில் தவறாமல் ஒரு தொடர் வரும்: இன்ன நாட்டவர், அல்லது இன்ன நாட்டவர் என்று நம்பப்படுகிறவர். தன் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாமல் புத்தி பேதலித்தவன் ஒருவன் அங்கே சிறையில் இருந்தால், அவனையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ள இடம் வைத்த தொடர் அது. பெரிய ஒப்பந்தங்களில் நான் கண்ட மயக்கங்கள் எல்லாம் யாரையோ வெளியே நிறுத்துவதற்காக இருந்தன. இந்த ஒன்று உள்ளே அழைப்பதற்காக இருக்கிறது.

பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கினால், நதி ஆணையர்கள் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, அன்றன்றைய நீர்மட்டக் கணக்கை முன்போல மாதாமாதம் அனுப்ப ஒப்புக்கொள்வதில் தொடங்கட்டும். என்.ஜே. 9842-க்கு வடக்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை எழுதிக் கையெழுத்திடுவதில் தொடங்கட்டும். சிறையில் காலம் முடிந்தும் கிடக்கும் மீனவனை அனுப்புவதில் தொடங்கட்டும். அடுத்த முறை ஒரு கூட்டறிக்கை பத்திரிகையில் வரும்போது, நம்மில் சிலராவது அதை ஒரு பிரதியாக எடுத்துவைத்து, நட்பு என்ற சொல் எத்தனை முறை வருகிறது, தேதியும் இடமும் எண்ணும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விமர்சகன் செய்யக்கூடிய காரியம் அவ்வளவுதான். அதையாவது செய்வோம்.